பழைய குறிப்பு படிக்க, புதிய குறிப்பு எழுத

கேள்வி:

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. டெல்டா கிராமங்களில் மடை, வாய்க்கால் பராமரிப்பு முன்பு எப்படி நடந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை ஆப்சிடியன் செயலியில் குறித்து வைக்கிறேன். வீட்டில் லேப்டாப், வெளியூர் போனால் ஆண்ட்ராய்டு போன். இரண்டிலும் ஒரே குறிப்புத் தொகுப்புதான்.

பழைய பேட்டிகளைப் பெரும்பாலும் படித்துப் பார்க்கத்தான் திறக்கிறேன். ஆனால் அவை எழுதும் நிலையிலேயே திறக்கின்றன. போனில் உருட்டிப் படிக்கும்போது விரல் பட்டால் கீபோர்டு எழும்பிவிடுகிறது. அப்படி என் விரல் பட்டு ஒரு பேட்டியில் இரண்டு வரி அழிந்திருந்தது. ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. செட்டிங்ஸில் ரீடிங் வியூ என்று மாற்றிவைத்தேன். அதன் பிறகும் சில குறிப்புகள் படிக்கும் நிலையில் திறக்கின்றன, சில திறப்பதில்லை. காரணம் புரியவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: பழைய பேட்டி எப்போதும் படிக்கும் நிலையில் திறக்க வேண்டும். புதிய பேட்டி எழுதும் நிலையில், ஊர், பெயர், வயது, தேதி ஆகிய தலைப்புகளோடு திறக்க வேண்டும். இது முடியுமா? என் நெறியாளர் வேர்டு பயன்படுத்துகிறார், தோழி ஒன்நோட் வைத்திருக்கிறாள். அவற்றிலும் இதற்கு வழி உண்டா?

– ஆய்வு மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

முடியும். நீங்கள் கேட்ட இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். நீங்கள் மாற்றிய செட்டிங்கும் சரியானதுதான். அது எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது தெரியாததால்தான் குழப்பம் வந்திருக்கிறது. எந்தச் செயலியிலும் ஒரு டீஃபால்ட்டை மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த அமைப்பு எதோடு ஒட்டியிருக்கிறது? செயலி முழுவதோடா, திறந்திருக்கும் டேப்போடா, ஒரு ஃபோல்டரோடா, அந்த ஒரு கோப்போடா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் 'மாற்றினேன், ஆனால் மாறவில்லை' என்ற புகார் பெரும்பாலும் வராது.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்ப்போம். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

செட்டிங்ஸுக்குள் 'எடிட்டர்' பகுதிக்குப் போங்கள். 'டீஃபால்ட் வியூ ஃபார் நியூ டேப்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் ரீடிங் வியூவைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 'டீஃபால்ட் எடிட்டிங் மோட்' என்று இன்னொரு வரி இருக்கும். அதில் லைவ் பிரீவியூவை வையுங்கள். பிறகு திறந்திருக்கும் எல்லா டேப்புகளையும் மூடிவிட்டு, ஒரு பழைய பேட்டியைப் புதிதாகத் திறந்து பாருங்கள். படிக்கும் நிலையில் திறக்கும்.

சில திறந்தன, சில திறக்கவில்லை: ஏன்?

அந்த செட்டிங்கின் பெயரிலேயே விடை இருக்கிறது. அது புதிய டேப்புகளுக்கான அமைப்பு. புதிய குறிப்புகளுக்கானதும் அல்ல, பழைய குறிப்புகளுக்கானதும் அல்ல. ஆப்சிடியனில் படிக்கும் நிலை, எழுதும் நிலை என்பது குறிப்பில் பதிவாவதில்லை. அந்தக் குறிப்பு எந்த டேப்பில் திறந்திருக்கிறதோ, அந்த டேப்பின் நிலையாகத்தான் அது இருக்கிறது. 2022 அக்டோபரில் வெளிவந்த 1.0 பதிப்பில் பிரவுசரில் இருப்பது போன்ற டேப்புகள் வந்தன. உங்கள் சிக்கலைப் புரிந்துகொள்ள அந்த டேப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு டேப்பில் ஏதோ திருத்தம் செய்ய எழுதும் நிலைக்கு மாறுகிறீர்கள். அதே டேப்பில் இருந்தபடி பக்கவாட்டுப் பட்டியலில் வேறொரு பேட்டியைத் தொடுகிறீர்கள். அது புதிய டேப் அல்ல. எழுதும் நிலையில் இருக்கும் பழைய டேப்புக்குள் வேறு குறிப்பு வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். அதனால் அதுவும் எழுதும் நிலையிலேயே திறக்கிறது. நீங்கள் வைத்த டீஃபால்ட்டுக்கு அங்கே வேலையே வரவில்லை.

செயலியை மூடித் திறந்தாலும் இது தொடரும். எந்தெந்த டேப்புகள் திறந்திருந்தன, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருந்தது என்பதை ஆப்சிடியன் சேமித்துவைத்து, அடுத்த முறை அப்படியே மீட்டுத் தருகிறது. செட்டிங்கை மாற்றுவதற்கு முன் திறந்திருந்த டேப்புகள் பழைய நிலையோடு திரும்பி வருவது இதனால்தான். எல்லாவற்றையும் ஒருமுறை மூடச் சொன்னதும் இதற்காகத்தான்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். பழைய பேட்டியைத் திறக்கும்போதெல்லாம் புதிய டேப்பில் திறங்கள். லேப்டாப்பில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பெயரைக் கிளிக் செய்தால் போதும். போனில் பெயரை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் புதிய டேப்பில் திறக்கும் வழி இருக்கும். திருத்த வேண்டியிருந்தால் லேப்டாப்பில் கன்ட்ரோல்-ஈ அழுத்துங்கள், எழுதும் நிலைக்கு மாறும். திருத்தி முடித்ததும் மறுபடி அதையே அழுத்தினால் படிக்கும் நிலைக்குத் திரும்பிவிடும். போனில் இதே வேலையை மேலே இருக்கும் சிறிய குறியைத் தொட்டுச் செய்யலாம்.

மூன்று தோற்றங்கள், எது எதற்கு?

ஆப்சிடியன் குறிப்புகள் எல்லாம் மார்க்டவுன் முறையில் எழுதிய சாதாரண உரைக் கோப்புகள். ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட முறை அது. தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இருபுறமும் உடுக்குறி என்று, வடிவத்தையும் எழுத்துகளாலேயே சொல்லிவிடும். இந்த ஒரே கோப்பை மூன்று விதமாகப் பார்க்கலாம்.

சோர்ஸ் மோடில் குறிகள் உட்பட எல்லாம் அப்படியே தெரியும். அட்டவணை சிதைந்துவிட்டது, இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இதுதான் நல்லது. லைவ் பிரீவியூவில் வடிவம் தெரியும், எழுதவும் முடியும். கர்சர் நிற்கும் இடத்தில் மட்டும் குறிகள் வெளிப்படும். அன்றாடம் எழுதுவதற்கு இது வசதி. ரீடிங் வியூவில் குறிகள் தெரியாது, எழுத்தையும் மாற்ற முடியாது. போனில் உரையைத் தொட்டாலும் கீபோர்டு வராது. இணைப்பைத் தொட்டால் அந்தக் குறிப்புக்குப் போகும். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் கட்டங்களை 'டிக்' செய்வது இங்கேயும் முடியும். களப்பணிக்குப் போகும் முன் வைத்திருக்கும் பட்டியலுக்கு அது உதவும்.

பலர் எழுதும் நிலையையே டீஃபால்ட்டாக விட்டுவிடுகிறார்கள். குறிப்புச் செயலி எழுதுவதற்குத்தானே என்று தோன்றும். ஆனால் உங்கள் தொகுப்பு வளர வளர, புதிதாக எழுதும் குறிப்புகளைவிடப் படிக்கத் திறக்கும் குறிப்புகள்தான் அதிகமாகும். ஒரு பேட்டியை ஒருமுறைதான் எழுதுவீர்கள். ஆய்வேடு முடிவதற்குள் அதைப் பலமுறை திறந்து பார்ப்பீர்கள். அதனால் உங்களுக்கு ரீடிங் வியூதான் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் விசையைத் தட்டுவது கணினி உலகின் பழைய சிக்கல். 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் பிராவோ என்ற எழுத்துச் செயலி இருந்தது. அதில் கட்டளையிடும் நிலை தனி, எழுதும் நிலை தனி. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணினித் துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது அதை அழிக்கும். மூன்றாவது எழுதும் நிலைக்குக் கொண்டுபோகும். நான்காவது எழுத்து மட்டும் திரையில் நிற்கும். அதே கூடத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர், டிம் மாட்டோடு சேர்ந்து ஜிப்சி என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார். பயனர் தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத செயலிகள் வேண்டும் என்பதற்காக 2020-இல் இறக்கும் வரை அவர் வாதாடினார். இன்று நாம் பயன்படுத்தும் கட், காப்பி, பேஸ்ட் முறையை வடிவமைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

குறிப்புச் செயலிகளில் இரண்டு நிலைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஒழிக்க முடியாவிட்டாலும், தவறினால் இழப்பு எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் டீஃபால்ட்டை வைக்கலாம். படிக்கும் நிலையில் திறந்துவிட்டு எழுத முயன்றால் ஒன்றும் ஆகாது, ஒரு விசையை அழுத்தி மாறிக்கொள்வீர்கள். எழுதும் நிலையில் திறந்துவிட்டுப் படிக்க முயன்றால், நீங்களே அனுபவித்தபடி, ஒருவர் சொன்ன வரிகள் உங்களுக்குத் தெரியாமலே போய்விடலாம்.

புதிய பேட்டி, ஆயத்தத் தலைப்புகளோடு

ரீடிங் வியூவை டீஃபால்ட்டாக வைத்தால் புதிய குறிப்பும் எழுத முடியாத நிலையில் திறக்குமோ என்று பயப்பட வேண்டாம். கன்ட்ரோல்-என் அழுத்தி நீங்கள் உருவாக்கும் புதிய குறிப்பை ஆப்சிடியன் எழுதும் நிலையில்தான் திறக்கும். வெற்றுப் பக்கத்தில் படிக்க ஒன்றும் இல்லையே. இனி பார்க்க வேண்டியது தலைப்புகள் தானாக வருவதைத்தான்.

முதலில் டெம்ப்ளேட். 'டெம்ப்ளேட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் 'பேட்டி' என்ற பெயரில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஊர், ஒன்றியம், பேசியவர், வயது, தொழில், ஒலிப்பதிவின் கோப்புப் பெயர், ஒப்புதல் பெற்ற விதம் என்று உங்களுக்கு வேண்டிய தலைப்புகளை அதில் வையுங்கள். தேதி வர வேண்டிய இடத்தில், இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் 'டேட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதினால் அன்றைய தேதி தானாக வரும். 'டைம்' என்றால் நேரம், 'டைட்டில்' என்றால் குறிப்பின் பெயர். பிறகு செட்டிங்ஸில், செயலியோடு வரும் கூடுதல் வசதிகளான 'கோர் பிளகின்ஸ்' பகுதியில் டெம்ப்ளேட்ஸை இயக்கி, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

ஆனால் டெம்ப்ளேட்ஸ் பிளகின் தானாக எதையும் செய்யாது. புதிய குறிப்பைத் திறந்த பிறகு 'இன்செர்ட் டெம்ப்ளேட்' கட்டளையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மரத்தடியில் ஒருவர் பேசத் தொடங்கிவிட்ட பிறகு அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

அதற்குத் தீர்வு அதே பட்டியலில் இருக்கும் 'யூனிக் நோட் கிரியேட்டர்'. பலர் கவனிக்காமல் விட்டுவிடும் பிளகின் இது. இதை இயக்கி, மூன்று விவரங்களைக் கொடுங்கள்: பெயரின் முன்னொட்டு எப்படி இருக்க வேண்டும், புதிய குறிப்பு எந்த ஃபோல்டரில் போய்ச் சேர வேண்டும், எந்த டெம்ப்ளேட்டைப் பயன்படுத்த வேண்டும். அதன் பிறகு அந்தக் கட்டளையை ஒருமுறை கொடுத்தால், தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட புதிய குறிப்பு 'பேட்டிகள்' ஃபோல்டரில் உங்கள் தலைப்புகளோடு உருவாகிவிடும். அதற்கு ஒரு விசைச் சேர்க்கையும் வைத்துக்கொள்ளலாம். நேரமே பெயராக இருப்பதால், ஒலிப்பதிவுக் கோப்போடு பொருத்திப் பார்ப்பதும் எளிது.

களப்பணி நாட்குறிப்பும் எழுதுகிறீர்கள் என்றால் 'டெய்லி நோட்ஸ்' பிளகினையும் இயக்குங்கள். அதற்கென்று தனி ஃபோல்டரும் தனி டெம்ப்ளேட்டும் வைக்கலாம். பேட்டியும் உங்கள் சொந்தக் கருத்தும் ஒரே ஃபோல்டரில் கலந்துபோகாமல் இருக்க இது உதவும். மற்ற புதிய குறிப்புகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை 'ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்' பகுதியில் 'டீஃபால்ட் லொகேஷன் ஃபார் நியூ நோட்ஸ்' என்ற வரியில் முடிவு செய்யலாம்.

ஃபோல்டருக்கு ஃபோல்டர் வேறு நிலை வேண்டுமானால்

'பேட்டிகள் மட்டும் படிக்கும் நிலையில் திறக்கட்டும், ஆய்வேட்டின் இயல்கள் எழுதும் நிலையில் திறக்கட்டும்' என்று பிறகு உங்களுக்குத் தோன்றலாம். செயலியில் இயல்பாக அந்த வசதி இல்லை. டீஃபால்ட் ஒட்டியிருப்பது டேப்போடு, ஃபோல்டரோடு அல்ல. 'ஃபோர்ஸ் நோட் வியூ மோட்' என்ற பெயரில், பயனர்களே எழுதிப் பகிர்ந்த பிளகின் ஒன்று அந்த இடைவெளியை நிரப்புகிறது. எந்த ஃபோல்டர் எந்த நிலையில் திறக்க வேண்டும் என்று அதில் சொல்லலாம். ஒரு தனிக் குறிப்பின் மேற்பகுதியில் ஒரு வரி சேர்த்து அந்தக் குறிப்புக்கு மட்டும் நிலையைத் தீர்மானிக்கவும் முடியும்.

இதில் எச்சரிக்கை தேவை. இப்படிப்பட்ட பிளகின்களை நிறுவ, பாதுகாப்புக்காக வைத்திருக்கும் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' என்ற தடையை நீக்க வேண்டும். அதன் பிறகு நிறுவும் பிளகின் எதுவானாலும் உங்கள் கோப்புகளைப் படிக்கவும் இணையத்தோடு தொடர்புகொள்ளவும் அதற்கு வழி இருக்கிறது. உங்களை நம்பிப் பேசியவர்களின் பெயரும் ஊரும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. செயலியோடு வரும் வசதிகளே போதுமானால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் தேவைக்கு அவை போதும் என்றே நினைக்கிறேன்.

போனுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று

ஆப்சிடியனில் பெரும்பாலான செட்டிங்குகள் உங்கள் 'வால்ட்' (குறிப்புத் தொகுப்பு) ஃபோல்டருக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட ஒரு மறைவு ஃபோல்டரில் இருக்கின்றன. அதாவது அவை செயலியோடு ஒட்டியவை அல்ல, வால்ட்டோடு ஒட்டியவை. இதன் பலன் இரண்டு வகை. இன்னொரு வால்ட் தொடங்கினால் அங்கே எல்லாம் பழைய டீஃபால்ட்டிலிருந்தே தொடங்கும், மறுபடி மாற்ற வேண்டும். வால்ட்டை அந்த மறைவு ஃபோல்டரோடு சேர்த்து வேறொரு கணினிக்கு எடுத்துப்போனால், உங்கள் அமைப்புகளும் கூடவே வந்துவிடும்.

போனையும் லேப்டாப்பையும் நீங்கள் எப்படி ஒத்திசைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, ஒன்றில் மாற்றிய செட்டிங் மற்றொன்றுக்கும் பரவலாம். உங்களுக்கு இரண்டிலும் ரீடிங் வியூதான் வேண்டும் என்பதால் அது நல்லதே. லேப்டாப்பில் மட்டும் எழுதும் நிலை வேண்டும் என்று பின்னால் முடிவு செய்தால், 'ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்' பகுதியில் 'ஓவர்ரைட் கான்ஃபிக் ஃபோல்டர்' என்று ஒரு வரி இருக்கிறது. போனில் அங்கே வேறொரு பெயரைக் கொடுங்கள், புள்ளியில் தொடங்க வேண்டும். அதன் பிறகு போன் தன் அமைப்புகளைத் தனியாக வைத்துக்கொள்ளும். குறிப்புகள் பொதுவாகவே இருக்கும். ஆனால் அந்தப் புதிய அமைப்பு வெறுமையிலிருந்து தொடங்கும். டெம்ப்ளேட் ஃபோல்டர், யூனிக் நோட் விவரங்கள் எல்லாவற்றையும் போனில் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

படிக்கும் நிலையை டீஃபால்ட்டாக வைக்கப்போகிறீர்கள் என்பதால், படிக்க ஏற்ற எழுத்துருவையும் இப்போதே வைத்துவிடுங்கள். 'அப்பியரன்ஸ்' பகுதியில் 'டெக்ஸ்ட் ஃபான்ட்' என்ற இடத்தில் விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ, அல்லது இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்தளவை ஒரு படி கூட்டிவையுங்கள். தமிழில் மேலே விலங்கும் சுழியும், கீழே உகரக் கோடுகளும் வருவதால் சிறிய அளவில் நெடில் குறில் குழம்பிவிடும். வட்டார வழக்கை எழுதிவைத்து அதையே ஆய்வு செய்கிறவருக்கு அந்த வேறுபாடு முக்கியம்.

அழிந்த வரிகளை மீட்க

கோர் பிளகின்களில் 'ஃபைல் ரிகவரி' என்று ஒன்று உண்டு. அது குறிப்புகள் மாறும்போது 5 நிமிட இடைவெளியில் பழைய வடிவத்தை எடுத்து வைத்து, 7 நாள் வரை காக்கிறது. இவை தொடக்க அளவுகள். இரண்டையும் நீங்கள் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் நிலையில் இருப்பவர்கள் நாட்களின் எண்ணிக்கையைக் கட்டாயம் கூட்ட வேண்டும். வரி போனதை ஒலிப்பதிவோடு ஒப்பிடும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள், அதற்குள் 7 நாள் கடந்திருக்கும். இந்தப் பிரதிகள் வால்ட்டுக்கு வெளியே, அந்தந்தக் கருவியில்தான் இருக்கின்றன. போனில் அழிந்ததைப் போனில்தான் தேட வேண்டும், போன் தொலைந்தால் அவையும் தொலைந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை வால்ட் முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். வெறும் உரைக் கோப்புகள்தானே, அதிக இடம் பிடிக்காது.

வேர்டு, ஒன்நோட், மற்றவை

உங்கள் நெறியாளரின் வேர்டில் தோற்றம் ஆவணத்தோடு ஒட்டியது. எந்தத் தோற்றத்தில் சேமித்தீர்களோ, பொதுவாக அந்தத் தோற்றத்தோடு மறுபடி திறக்கும். புதிய ஆவணங்களோ 'நார்மல்' என்ற அடிப்படை டெம்ப்ளேட்டைப் பார்த்துப் பிறக்கின்றன. எழுத்துரு, வரி இடைவெளி, ஓரம் எல்லாவற்றையும் அந்த டெம்ப்ளேட்டில் மாற்றினால் இனி உருவாகும் ஆவணங்களுக்கு அது பொருந்தும். ஏற்கெனவே இருப்பவை மாறா. முடிந்துபோன பேட்டி ஆவணத்தைக் காக்க 'ஃபைல்' மெனுவில் 'இன்ஃபோ' பகுதிக்குப் போய், 'புரொடெக்ட் டாக்குமென்ட்' என்பதில் 'ஆல்வேஸ் ஓப்பன் ரீட்-ஒன்லி' என்று வைத்துவிடுங்கள். இது அந்தக் கோப்போடு ஒட்டியது. அதனால் மின்னஞ்சலில் அனுப்பினாலும் பெறுகிறவரிடம் படிக்க மட்டும் திறக்கச் சொல்லும். திருத்தியே ஆக வேண்டும் என்று நினைப்பவர் அதை மீறித் திறக்கலாம். தவறுதலாக விரல் படுவதைத்தான் இது தடுக்கும்.

உங்கள் தோழியின் ஒன்நோட்டில், விண்டோஸ் டெஸ்க்டாப் பதிப்பில், புதிய பக்கத்தின் டீஃபால்ட் 'செக்‌ஷன்' என்ற பிரிவோடு ஒட்டியிருக்கிறது. 'இன்செர்ட்' மெனுவில் 'பேஜ் டெம்ப்ளேட்ஸ்' பட்டியலைத் திறந்தால், அடியில் இந்தப் பிரிவின் எல்லாப் புதிய பக்கங்களுக்கும் ஒரே டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும் வழி இருக்கும். பேட்டிகளுக்கு ஒரு பிரிவு, நூல் குறிப்புகளுக்கு ஒரு பிரிவு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட் வைத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. எல்லாப் புதிய பக்கங்களிலும் கோடு வேண்டுமானால் அது ஒன்நோட் முழுவதற்குமான அமைப்பு, 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'டிஸ்ப்ளே' என்பதற்குள் இருக்கிறது.

கூகுள் டாக்ஸில் பக்கப் பிரிப்பு இல்லாத 'பேஜ்லெஸ்' தோற்றத்தை 'பேஜ் செட்அப்' பெட்டியில் 'செட் ஆஸ் டீஃபால்ட்' செய்யலாம். அது உங்கள் கணக்கோடு ஒட்டி, இனி நீங்கள் தொடங்கும் ஆவணங்களுக்கு வரும். நோஷனில் ஒரு டேட்டாபேஸின் டெம்ப்ளேட்டை டீஃபால்ட் ஆக்கும்போது, டேட்டாபேஸ் முழுவதற்கா, இப்போது பார்க்கும் தோற்றத்துக்கு மட்டுமா என்று அதுவே கேட்கும். முடிந்த பக்கத்தைப் பூட்டிவைக்கும் வசதியும் அதில் உண்டு. ஐபோனின் நோட்ஸ் செயலியில் புதிய குறிப்பு தலைப்பு எழுத்தில் தொடங்க வேண்டுமா, சாதாரண எழுத்தில் தொடங்க வேண்டுமா என்பதை 'நியூ நோட்ஸ் ஸ்டார்ட் வித்' என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கலாம்.

செயலி எதுவானாலும், புதியவற்றுக்கு வைக்கும் டீஃபால்ட் பெரும்பாலும் பழையவற்றைத் தொடாது. அதனால் பேட்டிகள் குவிந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அடுத்த களப்பணிக்கு முன்பே செய்துவிடுங்கள்.

மாற்றி முடித்ததும், 'சோதனை' என்ற பெயரில் ஒரு வெற்றுக் குறிப்பை வைத்துக்கொண்டு, லேப்டாப்பிலும் போனிலும் நான்கு செயல்களைச் செய்து பாருங்கள். புதிய பேட்டியை உருவாக்குங்கள். சோதனைக் குறிப்பைப் புதிய டேப்பில் திறங்கள். எழுதும் நிலையில் இருக்கும் டேப்புக்குள் அதையே திறங்கள். கடைசியாக, செயலியை மூடித் திறங்கள். ஒவ்வொரு முறையும் எந்த நிலை வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். செயலியின் பெரிய பதிப்பு மாற்றம் வரும்போதெல்லாம் இதையே மறுபடி செய்யுங்கள்.

உங்களிடம் பேசிய முதியவர்களில் சிலரை இரண்டாம் முறை சந்தித்துக் கேட்கும் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். அவர்கள் சொன்ன மடைப் பெயர், வாய்க்கால் முறை, தண்ணீர் பங்கிட்ட கணக்கு எல்லாம் நீங்கள் எழுதிவைத்தபடிதான் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குக் கிடைக்கும். அதில் ஒரு சொல்கூட தவறுதலாக மாறக் கூடாது என்று நீங்கள் கவலைப்படுவது சரியே. அரை மணி நேரம் ஒதுக்கி இந்த அமைப்புகளை முடித்துவிடுங்கள். அழிந்த அந்த இரண்டு வரிகளை ஒலிப்பதிவிலிருந்து மறுபடி எழுதிச் சேர்த்து, எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்பதையும் அந்தக் குறிப்பிலேயே பதிவு செய்யுங்கள்.